செல்லும் காசா, செல்லாக் காசா?

ஒரு மாணாக்கன் இரவும் பகலும் பாடுபட்டு ஒரு பாடத்தைக் கற்று, பரீட்சையிலும் தேறி வந்த பிறகு, "நீ படித்தது வாஸ்தவந்தான், ஆனால் அது எங்கள் கணக்கில் சேராது" என்று அவனுடைய கலாசாலையே கையை விரிக்குமானால், அவன் மனம் என்ன பாடுபடும்? இணையத்தின் வழியாகக் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் ஆரம்பப் பாடத்தைப் படித்து, அதற்குரிய 'கிரெடிட்'டைத் தங்கள் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளலாமென்று நம்பியிருக்கும் வாலிபர் எவருக்கும் இந்தக் கதி நேரலாம். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. அதை நடத்திவைக்க வேண்டிய கலாசாலைகளும் சர்வகலாசாலைகளும் அவர்கள் பக்கம் இருக்கின்றனவா என்பதே கேள்வி. இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைத் திட்டமாக எடுத்துச் சொல்லுவது அவசியமென்று கருதுகிறோம்.

பழைய முறையில் பட்டம் பெற்ற நமது நேயர்களில் சிலருக்குக் 'கிரெடிட்' என்னும் சொல் புதிதாகத் தோன்றலாம். அதன் தாத்பரியம் எளிது. பட்டப் படிப்பு முழுவதையும் சிறு சிறு அளவுகளாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பாடத்திற்கும் இத்தனை புள்ளி என்று நிர்ணயம் செய்திருக்கிறார்கள். வேண்டிய புள்ளிகள் சேர்ந்தால் பட்டம் கிடைக்கும். ஓரிடத்தில் சம்பாதித்த புள்ளியை வேறோரிடத்தில் ஒப்புக்கொண்டால், அது மாற்றத்தக்க புள்ளி. காசைப் போலவே இதற்கும் தன்னளவில் மதிப்புக் கிடையாது. வாங்கிக்கொள்கிறவன் இருந்தால்தான் மதிப்பு. சென்னையில் வழங்கும் நாணயம் திருநெல்வேலியில் செல்லாதென்றால், அதை நாணயமென்று யார் சொல்லுவார்கள்?

நம் தேசத்தில் இந்தப் புள்ளிகளை வழங்கும் ஏற்பாடு ஒரு நாளில் தோன்றியதல்ல. 2003-ஆம் வருஷத்தில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து, மத்திய சர்க்காரின் பொருளுதவியுடன் என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தைத் தொடங்கின. தேர்ந்த ஆசிரியர்களின் பிரசங்கங்களைப் படமெடுத்து யாவருக்கும் இலவசமாக வழங்குவதே ஆரம்ப நோக்கம். 2014-ஆம் வருஷம் முதல், வாரந்தோறும் பாடமும் பயிற்சியும் கொடுத்து, முடிவில் பரீட்சை வைத்து, தேறினவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் வழங்கும் முறை ஏற்பட்டது. அந்த ஆரம்ப நாட்களிலேயே நிரல் எழுதும் பாடமும் அதில் இடம் பெற்றது. 2017-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் 'ஸ்வயம்' என்னும் பொது மேடையை அமைத்தபோது, பொறியியல் பாடங்களைக் கவனிக்கும் பொறுப்பு என்.பி.டி.இ.எல்.லிடம் வந்தது. இவ்வளவு பெரிய காரியத்தில் சென்னை ஐ.ஐ.டி. முக்கிய ஸ்தானம் வகித்துவருவது தமிழ்நாட்டார் பெருமைப்படத்தக்க விஷயம்.

அங்கே நடந்துவரும் ஆரம்பப் பாடமொன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ரோபார் ஐ.ஐ.டி. ஆசிரியர் சுதர்சன் ஐயங்கார் 'பைதான்' என்னும் கணினி மொழியைக் கொண்டு நடத்தும் 'தி ஜாய் ஆப் கம்ப்யூட்டிங்' என்ற பாடம், முன்பின் நிரல் எழுதி அறியாதவர்களுக்கென்றே ஏற்பட்டது. காலம் 12 வாரம். 12 வாரப் பாடத்திற்கு 3 புள்ளி என்பது என்.பி.டி.இ.எல். சிபாரிசு செய்யும் கணக்கு. படிப்பதற்குக் கட்டணமில்லை. வாரப் பயிற்சிகளைத் தவணைக்குள் முடித்து அனுப்ப வேண்டும். முடிவில், குறிப்பிட்ட பரீட்சை மண்டபத்திற்கு நேரில் சென்று மேற்பார்வையாளர் கண்முன்னே பரீட்சை எழுத வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. பல வருஷங்களாக அது ரூ. 1000 என்ற அளவில் இருந்துவந்திருக்கிறது. மொத்தம் 100 மார்க்கில் பயிற்சிக்கு 25, பரீட்சைக்கு 75. பயிற்சியில் 10 மார்க்கும் பரீட்சையில் 30 மார்க்கும் தனித்தனியே எடுத்தால்தான் தேறினதாகக் கொள்ளப்படும். ஆகவே, வீட்டிலிருந்தபடி ஏதோ பார்த்துவிட்டு வாங்கும் பத்திரம் என்று இதை எவரும் அலட்சியமாகத் தள்ளிவிட இடமில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். சர்வகலாசாலை மானியக் கமிஷனான யு.ஜி.சி. 2016-ஆம் வருஷத்தில் வெளியிட்ட விதிகள், ஒரு பருவத்தில் நடக்கும் பாடங்களில் நூற்றுக்கு 20 வரை ஸ்வயம் மூலம் படித்துத் தேறலாமென்று அநுமதித்தன. 2021-இல் அந்த வரம்பு நூற்றுக்கு 40 ஆக உயர்த்தப்பட்டது. முதல் விதிகளிலேயே கலாசாலைகளின் கடமை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எந்தெந்த இணையப் பாடங்களை ஒப்புக்கொள்ளலாமென்பதை, அறிவிப்பு வந்த நாலு வாரத்திற்குள் கல்விச் சபை கூடி ஆலோசிக்க வேண்டும். படிக்கும் மாணாக்கருக்கு வழிகாட்ட ஒருவரை நியமிக்க வேண்டும். ஆய்வுக்கூடம், கம்ப்யூட்டர், புத்தகசாலை ஆகிய வசதிகளை இலவசமாகவும் போதிய அளவிலும் செய்துகொடுக்க வேண்டும். தேறினவனுடைய மார்க்கைப் பட்டத்திற்குரிய மார்க் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும். இவ்வாறு சம்பாதித்த புள்ளியின் மாற்றத்தை எந்தச் சர்வகலாசாலையும் மறுக்கலாகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2021-ஆம் வருஷத்தில் கல்விப் புள்ளிகளுக்கென்று ஒரு பாங்கியே ஏற்படுத்தப்பட்டது. பணத்தைப் போலப் புள்ளிகளை அதில் சேர்த்துவைத்து, பொதுவாக 7 வருஷம் வரையில் வேண்டும்போது எடுத்துப் பட்டத்திற்கு உபயோகித்துக்கொள்ளலாம். காகிதத்தில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேண்டியதில்லை.

காகிதத்தை விட்டுக் காரியத்திற்கு வருவோம். ஒரு தாலுகாத் தலைநகரிலுள்ள கலாசாலையில் சரித்திரமோ பொருளாதாரமோ படிக்கும் ஒரு குடியானவர் மகனை மனத்தில் வைத்துக்கொள்வோம். நிரல் எழுதக் கற்றால் நாலு இடத்தில் வேலை கேட்கலாம் என்பது அவன் எண்ணம். அவனுடைய கலாசாலையில் அந்தப் பாடம் கிடையாது. கைப்பேசியிலேயே 12 வாரமும் பாடம் கேட்கிறான். பரீட்சைக் கட்டணத்தையும் பஸ் சத்தத்தையும் எப்படியோ தேடிக்கொண்டு ஜில்லாத் தலைநகருக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறுகிறான். பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரின்ஸிபாலிடம் போகிறான். "நமது கலாசாலை சர்வகலாசாலையோடு இணைந்தது. பாடத் திட்டமும் மார்க் பட்டியலும் அவர்களுடையவை. அவர்கள் உத்தரவில்லாமல் நான் ஒன்றும் செய்வதற்கில்லை" என்கிறார் அவர். அவர் சொல்வதிலும் பொய்யில்லை. சர்வகலாசாலைக்கு எழுதினால், கல்விச் சபை இன்னும் அந்தப் பாடத்தை ஆலோசிக்கவில்லை என்று பதில் வருகிறது. சபை கூடுவதற்குள் பருவம் முடிந்துவிடுகிறது. அவன் படிப்பும் முடிந்துவிடுகிறது.

விதியின் குறை இங்கேதான் இருக்கிறது. புள்ளியை மறுக்கலாகாது என்று ஒரு வாசலில் எழுதியிருக்கிறது. எந்தப் பாடத்தை அநுமதிப்பது என்பது சபையின் சித்தம் என்று அடுத்த வாசலில் எழுதியிருக்கிறது. வாய் திறந்து மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. சும்மா இருந்துவிட்டால் போதும், மறுத்ததற்குச் சமம். பாங்கியின் கதையும் இதுவே. கணக்கு மாணாக்கன் பேரில் இருக்கிறது. ஆனால் அவன் தானே தன் பத்திரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. பதிவு பெற்ற கல்வி ஸ்தாபனங்கள் அனுப்பினால்தான் சேரும். சேர்ந்த பிறகும், அதை எடுத்துப் பட்டத்தில் வரவு வைக்க அவன் கலாசாலையின் சம்மதம் வேண்டும். தன்னாட்சி பெற்ற கலாசாலையில் படிக்கும் நகரத்து மாணாக்கனுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே பாடத் திட்டம் கலாசாலையின் கையிலேயே இருப்பதால், மனம் வைத்தால் காரியம் நடக்கும். ஒரே பாடத்தைப் படித்து, ஒரே பரீட்சையில் ஒரே மார்க் வாங்கிய இருவரில், ஒருவனுக்கு அது பட்டத்தில் சேருகிறது. மற்றவனுக்குச் சுவரில் மாட்டும் காகிதமாகிறது. பெரும்பாலும் இந்த மற்றவன்தான் ஏழை. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்லுவது?

இந்தச் சங்கடம் நம் தேசத்தில் மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்பது நமக்குப் பிரயோஜனமாயிருக்கும். 2012-ஆம் வருஷம் பிப்ரவரியில் 'யுடாசிட்டி' என்ற கம்பெனி, வர்ஜீனியா சர்வகலாசாலை ஆசிரியர் டேவிட் எவான்ஸைக் கொண்டு, நிரல் எழுதும் ஆரம்பப் பாடமொன்றை இணையத்தில் இலவசமாகத் தொடங்கியது. ஒரு சிறு தேடுபொறியைத் தானே கட்டிக்கொண்டு போகும்போதே பைதான் மொழியையும் கற்றுக்கொள்ளும்படி அது அமைந்திருந்தது. அவ்வருஷம் செப்டம்பரில், கொலராடோ ஸ்டேட் சர்வகலாசாலையின் 'குளோபல் காம்பஸ்', அந்தப் பாடத்தை முடித்து மேற்பார்வையுள்ள பரீட்சையில் தேறினவர்களுக்கு 3 புள்ளி தருவதாக அறிவித்தது. பரீட்சைச் செலவு 89 டாலர். அதே அளவுள்ள தன் சொந்தப் பாடத்திற்கு அந்த ஸ்தாபனம் வாங்கிவந்த கட்டணம் 1,050 டாலர். ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு விலைக்கே புள்ளி கிடைக்குமென்றால், ஜனங்கள் திரண்டு வந்திருக்க வேண்டுமல்லவா? சுமார் ஒரு வருஷம் கழித்து, 2013 ஜூலையில் பார்த்தபோது, அந்தப் புள்ளியைக் கேட்டு ஒருவர்கூட வரவில்லை என்று வெளியாயிற்று.

இதற்கு யார் யாரோ எவ்வெவ்வளவோ சமாதானம் சொன்னார்கள். நமக்குத் தோன்றும் காரணம் இதுதான். தனியே 3 புள்ளியை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்? அந்த ஸ்தாபனத்திலேயே பட்டம் பெற உத்தேசித்தவனுக்கு அது உதவும். வேறிடத்தில் படிப்பவனோ, தன் கலாசாலை அதை ஏற்குமா என்று மறுபடியும் வாசலில் காத்து நிற்க வேண்டும். விலை மலிவு என்பதற்காக, எங்கே செல்லும் என்று தெரியாத காசை யாரும் வாங்குவதில்லை. புள்ளி வழங்குவதைவிடப் புள்ளியை ஏற்பதே பெரிய காரியம் என்பதற்கு இதைக் காட்டிலும் வேறு அத்தாட்சி வேண்டுமா?

இரண்டாவது படிப்பினை கலிபோர்னியாவிலிருந்து கிடைக்கிறது. 2013 ஜனவரியில் ஸான் ஹொசே ஸ்டேட் சர்வகலாசாலை அதே கம்பெனியோடு சேர்ந்து, பாடத்திற்கு 150 டாலர் கட்டணத்தில், புள்ளியோடு கூடிய இணைய வகுப்புகளை ஆரம்பித்தது. முதற்பருவத்துக் கணிதப் பாடங்களில் தேறினவர் தொகை மிகவும் குறைந்துபோகவே, ஜூலையில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்தார்கள். கோடைப் பருவத்தில் ஆரம்ப நிரல் பாடமும் நடந்தது. அதில் நூற்றுக்கு 70 பேர் அளவில் தேறினார்கள். ஆனால் அந்தக் கோடை மாணாக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள்! படிக்கும் வழக்கத்தில் முன்பே தேர்ந்தவர்களுக்கு இணையப் பாடம் பலித்தது. யாருக்காக முக்கியமாக அது ஏற்பட்டதோ, அவர்கள் துணையின்றித் தத்தளித்தார்கள்.

இது நம் நாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிரல் எழுதுவது காதால் கேட்டு மட்டும் வரும் வித்தையல்ல. தானே எழுதி, பிழைபட்டு, திருத்தித்தான் கைவர வேண்டும். உள்ளே தள்ளி எழுத வேண்டிய ஒரு வரியைத் தள்ளாமல் எழுதிவிட்டாலும் பைதான் நிரல் நின்றுபோகும். விஷயம் தெரிந்தவர் பக்கத்திலிருந்தால் ஒரு நிமிஷத்தில் காட்டிக்கொடுக்கக்கூடிய பிழை, தனியே உட்கார்ந்திருப்பவனுக்கு ஓர் இரவு முழுவதும் தெரிவதில்லை. கைப்பேசியில் பாடம் கேட்கலாம். நீண்ட நிரலை எழுதிப் பழகுவதற்குக் கம்ப்யூட்டரே வேண்டும். இவற்றோடு பாஷைக் கஷ்டமும் சேருகிறது. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அவற்றில் சிலவற்றைத் தமிழில் பெயர்த்து உதவும் முயற்சியும் நடந்துவருகிறது. தமிழில் படித்து வந்த மாணாக்கனுக்கு, தமிழில் விளக்கிச் சொல்லும் ஓர் ஆசிரியர் கலாசாலையிலேயே இருந்தால், பாதிப் பாரம் குறைந்துவிடும். வழிகாட்டியும் கம்ப்யூட்டரும் கொடுக்க வேண்டுமென்று விதி சொல்லியிருப்பது சும்மா அலங்காரத்திற்காக அல்ல.

இரண்டு ஆட்சேபங்கள் கிளம்பக்கூடும். இணையப் படிப்பால் தரம் தாழ்ந்துவிடும் என்பது ஒன்று. தரத்தைக் காப்பது பரீட்சை. நேரில் உட்கார்த்தி, மேற்பார்வையோடு நடத்தும் பரீட்சையில் தேறினவனைத் தரமற்றவன் என்று ஒதுக்குவதற்கு முன், தங்கள் சொந்தப் பரீட்சைகள் எவ்வளவு கண்டிப்பாக நடக்கின்றன என்பதைக் கலாசாலைகள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். வெளிப் பரீட்சையில் குறை கண்டால் அதை எடுத்துக்காட்டித் திருத்தச் சொல்லலாம். மாணாக்கனைத் தண்டிப்பது நியாயமல்ல.

மற்றோர் ஆட்சேபம் ஆசிரியர்களுடையது. அதை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். நூற்றுக்கு 40 பாடம் வெளியிலிருந்து வந்துவிடுமானால், சிக்கன மோகங்கொண்ட நிர்வாகிகள் காலி ஸ்தானங்களை நிரப்பாமலே காலந்தள்ளுவார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். தகுந்த ஆசிரியர் இல்லாத இடத்தில் இணையப் பாடத்தை உபயோகிக்கலாம் என்று 2016 விதிகளே சொன்னதால், அந்த அச்சம் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை. 40 என்பது மேல்வரம்பு. அடைந்தே தீர வேண்டிய இலக்கு அன்று. கலாசாலையில் இல்லாத பாடத்தைக் கொண்டுவருவதற்கு இது வழியாக வேண்டுமேயொழிய, இருக்கும் ஆசிரியரை வெளியேற்றுவதற்கு வழியாகக் கூடாது. மேலும், துணையில்லாத மாணாக்கன் தோற்கிறான் என்பதைக் கலிபோர்னியா காட்டிவிட்டது. ஆகையால் இணையப் பாடம் வந்தால் ஆசிரியருடைய வேலை மாறும், அவசியம் குறையாது.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, ஒவ்வொரு சர்வகலாசாலையும் பருவம் தொடங்குமுன்பே, தான் ஒப்புக்கொள்ளும் இணையப் பாடங்கள் எவை, ஒவ்வொன்றும் எந்தப் பாடத்திற்குப் பதிலாகும், எத்தனை புள்ளி என்பதைப் பட்டியலாக வெளியிட வேண்டும். அப்பட்டியல் இணைந்த கலாசாலைகள் அனைத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டாவது, ஒரு பாடத்தை ஏற்க மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குறித்த தவணைக்குள் பதில் வராவிட்டால் சம்மதமென்றே கொள்ள வேண்டும். மௌனத்தால் மறுக்கும் வழக்கத்திற்கு முடிவு கட்ட இது ஒன்றே வழி. மூன்றாவது, கலாசாலையின் கம்ப்யூட்டர் அறையை மாலை நேரத்தில் திறந்துவைத்து, ஓர் ஆசிரியரை நியமித்து, அந்த நேரத்தை அவருடைய வேலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாலாவது, ஏழை மாணாக்கருடைய பரீட்சைக் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்க வேண்டும். இலவசப் பாடத்தின் வாசலில் ஆயிரம் ரூபாய்க் கதவைப் போட்டுவைப்பது அழகல்ல. ஐந்தாவது, இணையப் பாடத்தைக் காரணங்காட்டி எந்த ஆசிரியர் ஸ்தானத்தையும் ஒழிப்பதில்லையென்று சர்க்கார் பகிரங்கமாக உறுதி கூற வேண்டும்.

இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்களல்ல. பட்டியல் போடுவதற்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை. கதவைத் திறந்துவைப்பதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. மனம் வேண்டும், அந்த மனத்தை உண்டாக்குவது பொதுஜன அபிப்பிராயத்தின் வேலை. மாணவர் சங்கங்களும், பொதுக் காரியத்தில் ஈடுபட்ட வாலிபர்களும் இதைக் கையிலெடுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் ஜில்லாவிலுள்ள ஒவ்வொரு கலாசாலைக்கும் சென்று, "எந்தெந்தப் பாடத்தை ஒப்புக்கொள்கிறீர்கள்? பட்டியல் எங்கே?" என்று கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும். வராத பதிலையும் கணக்கில் எழுதிச் சட்டசபை அங்கத்தினர்களின் பார்வைக்குக் கொண்டுபோகட்டும். மாணாக்கர்களும், பாடத்தில் பெயரைப் பதியும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். தேறின பிறகு கேட்டால் காலம் கடந்துபோகலாம்.

கல்வியைக் கடைச் சரக்காக்காமல் யாவருக்கும் எட்டச் செய்ய வேண்டுமென்று நாம் நெடுநாளாகச் சொல்லிவருகிறோம். தேசத்தின் சிறந்த ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைக் குடிசை வரையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். குடிசையிலிருப்பவனும் தன் உழைப்பால் அதைக் கற்றுத் தேறிக் காட்டுகிறான். இருவரும் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். நடுவில் நிற்கும் சர்வகலாசாலைகள் தங்கள் கடமையைச் செய்யட்டும். உழைத்துச் சம்பாதித்த காசு எங்கும் செல்ல வேண்டும். அது செல்லுமா, செல்லாதா என்று ஏழை மாணாக்கன் வாசல் வாசலாகச் சென்று கேட்கும்படி விட்டுவைப்பது, கல்வியின் பெயரால் நடத்தப்படும் எந்த ஸ்தாபனத்திற்கும் கௌரவமாகாது.